ஊதியமில்லா ஆசிரியர் எழுதும் காளான் நூல்

பழந்தமிழர் காளானை 'ஆம்பி' என்றும் 'காளாம்பி' என்றும் அழைத்தனர். நெடுநாள் சமையல் நடவாத அடுக்களையிலே ஆம்பி முளைத்துக் கிடப்பதைச் சங்கப் புலவர் வறுமையின் அடையாளமாகக் கண்டனர். சிறுபாணாற்றுப்படையிலும் புறநானூற்றிலும் அக்காட்சி வருகின்றது. அந்த ஆம்பி எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்டால் விடை கூறுவாரில்லை. மரத்துக்கும் மீனுக்கும் நெல்லுக்கும் நுணுக்கமான பெயர்களை அள்ளி வழங்கிய நம்மொழி, இவ்வுயிரினத்தைப் பெரும்பாலும் தொகையாகவே நோக்கி வந்திருக்கின்றது. புற்றுக் காளான், வைக்கோற் காளான் என்பன போன்ற சில பெயர்களை நீக்கினால், உண்ணத்தக்கது காளான், தகாதது நாய்க்குடை என்ற அளவோடு நமது வகைப்பாடு முற்றுப்பெற்றுவிடுகின்றது.

விஞ்ஞானிகளின் நிலையும் நம்முடைய நிலையிலும் பெரிதும் மேம்பட்டதன்று. காளானை உள்ளடக்கிய பங்கசுக் குலத்தில் இதுவரை பெயர் பெற்றவை ஏறத்தாழ 150,000 இனங்கள். உலகிலே உள்ளவை 22 இலட்சம் முதல் 38 இலட்சம் வரை இருக்கலாம் என்று ஹோக்ஸ்வர்த், லூக்கிங் என்னும் இருவர் 2017ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் கூறினர். இவற்றுள் மிகப் பல கண்ணுக்குப் புலனாகாத பூஞ்சணங்கள்தாம். ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை இன்னும் பெயரிடப்படவில்லை என்பதே இக்கணக்கின் பொருள்.

இத்தகைய உலகுக்கு ஒரு கையேடு எழுதுவது எங்ஙனம்? அச்சிட்ட கையேடு ஒன்றில் சில நூறு இனங்கள் அடங்கும். மிகப் பெரிய நூலானால் ஓராயிரம் அல்லது ஈராயிரம் அடங்கலாம். காளான்களை இனங்காணும் பேராசிரியர்களோ எந்நாட்டிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களும் மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் மாத்திரமே நின்று அழுகிப்போகும் ஒரு பொருளைத் தேடி எல்லாக் காட்டுக்கும் போய்வர இயலாது. ஆகவே கையேட்டை எழுதவேண்டியவர் காட்டருகே வாழ்பவர், காலையில் நாயோடு உலாவப்போகிறவர், பள்ளிக்கூடத்துக்கு நடந்துசெல்லும் மாணவர் ஆகியோரே என்ற எண்ணம் சிலருக்கு உதித்தது.

அமெரிக்காவில் நேதன் வில்சன் என்பார் 2006ஆம் ஆண்டில் 'மஷ்றூம் ஒப்சேவர்' என்ற இணையத்தளத்தைத் தொடக்கினார். 'காளான் நோக்குநர்' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். தாம் கண்ட காளானின் நிழற்படத்தை எவரும் அங்கே வைக்கலாம். கண்ட இடம், நாள், அயலில் நின்ற மரம் முதலியவற்றையும் எழுதலாம். பெயர் தெரியவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பெயர் அறியாதார் 'பங்கசு' என்று மட்டும் எழுதிவிட்டால் போதுமானது. அதைப் பார்க்கும் பிறர் தமக்குத் தோன்றிய பெயரை முன்மொழிவர். இவர்களுள் தாவரவியல் அறிஞரும் உளர். தச்சரும் தாதியரும் உளர். எவருக்கும் இதற்கு ஊதியம் கிடையாது.

நான் பல ஆண்டுகளாக இத்தளத்தை வாசித்து வருகின்றேன். என்னை அதன்பால் ஈர்த்தது படங்களின் அழகன்று. பெயர் முடிவாகும் முறைதான். முன்மொழியப்பட்ட பெயரின்மீது வாக்களிப்பு நடைபெறும். அவ்வாக்கு ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களுள் அடங்குவதன்று. 'நான் அப்படித்தான் அழைப்பேன்' என்பது மேற்படி. அதற்குக் கீழே 'நம்பிக்கை தருகின்றது' என்பதும் 'இருக்கலாம்' என்பதும் உள்ளன. மறுபுறத்தே 'ஐயத்துக்குரியது', 'இருக்காதுபோலும்' என இறங்கிச் சென்று, கடைசியில் 'அட, அதுவாவது!' என்று நம்மூர்ப் பெரியவர் கைவீசிச் சொல்வதைப் போன்ற ஓர் ஏளனத்தில் முடிகின்றது. நெடுநாள் உழைத்தவரின் வாக்குக்குச் சற்றே கூடிய நிறை உண்டு. யாவற்றையும் கூட்டிக் கணித்து ஒரு பெயர் மேலே வைக்கப்படுகின்றது. தோற்றுப்போன பெயர்கள் அதன் கீழே, அவற்றின் வாக்குகளுடன், நின்றுகொண்டிருக்கும். பத்து ஆண்டு கழித்து வரும் ஒருவர் பெயரை மட்டுமன்றி அப்பெயர் வந்த வழியையும், அவ்வழியிலே ஐயுற்றவர் யார், என்ன காரணங் கூறினார் என்பதையும் வாசிக்கலாம்.

ஐயத்தை மறைக்காமல் அளந்து பதிவுசெய்யும் இவ்வழக்கத்தை ஒரு வேடிக்கையாகக் கருதுவோர் உளர். காளான் விடயத்தில் அஃது உயிரோடு தொடர்புடையது என்பதற்கு வரலாறு சான்று கூறும்.

நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் 'பக்சில்லஸ் இன்வொலூற்றஸ்' என்னும் மண்ணிறக் காளானைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வேகவைத்து உண்டனர். நன்றாகச் சமைத்தால் தீங்கில்லை என்று நூல்களும் கூறின. யூலியஸ் ஷேபர் என்பவர் ஜெர்மனியின் பெயர்பெற்ற காளான் அறிஞர். றுசூலா என்னும் காளான் இனத்தைப்பற்றித் தனிநூல் எழுதியவர். அவர் 1944ஆம் ஆண்டிலே இக்காளானை உண்டு நோயுற்று இறந்தார். பன்முறை உண்டவர் சிலரின் குருதியில் இதற்கு எதிரான பொருள்கள் உண்டாகி, பின்னொரு நாளில் அவை தம்முடைய செங்குருதிக் கலங்களையே உடைத்துவிடுகின்றன என்பது பிற்காலத்திலேதான் தெளிவாயிற்று. இருபது முறை தீங்கு செய்யாதது இருபத்தோராம் முறை கொல்லுமெனில், 'நான் உண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் நேரவில்லை' என்ற சான்றுக்கு யாது மதிப்பு?

இது பழங்கதை என்று விடுதற்கில்லை. 'திரைக்கொலோமா எக்குவெஸ்திரே' என்ற மஞ்சட் காளான் பிரான்சிலே விருந்துக்குரிய பண்டமாக மதிக்கப்பட்டது. அதனை அடுத்தடுத்துப் பல வேளை மிகுதியாக உண்ட பன்னிருவர் தசைநார் சிதைந்து மருத்துவமனை சேர்ந்தனர் எனவும், அவருள் மூவர் இறந்தனர் எனவும் 2001ஆம் ஆண்டிலே மருத்துவ ஏடு ஒன்று அறிவித்தது. 2004ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் யப்பானில் நிகழ்ந்தது இதனினுங் கொடிது. பட்டுப்போன ஊசியிலை மரக்கட்டைகளில் வெள்ளைச் சிறகுகள்போல் அடுக்கடுக்காக முளைக்கும் 'சுகிகிறத்தாக்கே' என்னும் காளானை அந்நாட்டார் நெடுங்காலமாக உண்டுவந்தனர். அவ்வாண்டிலே அதனை உண்டோரிற் பலர் மூளை பாதிக்கப்பட்டுப் படுத்தனர்; 17 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவருட் பலர் முன்னரே சிறுநீரக நோயுற்றவர்கள். அதுகாறும் அச்சிடப்பட்ட கையேடுகளில் அக்காளானின் படத்துக்கு அருகே 'உண்ணத்தக்கது' என்ற சொல் இருந்தது. அந்நூல்கள் வீட்டு அலுமாரிகளில் இன்றும் இருக்கும். அவற்றிலுள்ள அச்சொல்லை யார் போய் அழிப்பது?

நாள்தோறும் திருத்தத்தக்க ஒரு கையேட்டின் தேவை இவ்விடத்திலேதான் விளங்குகின்றது. அச்சுநூலை நான் குறைவாக மதிப்பவனல்லேன். என் மேசையில் அவை இருக்கின்றன. ஆனால் அச்சுநூல் தன் ஆசிரியரின் அறிவை அவர் எழுதி முடித்த நாளோடு நிறுத்திவிடுகின்றது.

இன்னொரு கேடு இடத்தைப் பற்றியது. நம் கண்டத்திலே வைக்கோற் காளானை அறியாதார் சிலரே. இளமையில் அது ஒரு முட்டைபோல உறைக்குள் இருந்து, உறையைக் கிழித்துக்கொண்டு எழும். அடித்தண்டிலே அவ்வுறை ஒரு பைபோல எஞ்சி நிற்கும். ஐரோப்பாவுக்குரிய 'அமனிற்றா பலோயிடெஸ்' என்னும் சாவுக்குடையும் அவ்வாறே எழுவது. அதற்கும் அடியிற் பை உண்டு. ஐரோப்பிய மரங்களின் வேரைப் பற்றிக்கொண்டு அஃது அவுஸ்திரேலியாவுக்கும் கலிபோர்ணியாவுக்கும் குடியேறிவிட்டது. 2011ஆம் ஆண்டின் இறுதி இரவிலே கன்பரா நகரில் அதனைச் சமைத்துண்ட ஆசிய நாட்டவர் இருவர் சில நாட்களில் உயிர் துறந்தனர். இக்காளானின் கொடுமை யாதெனில், உண்டபின் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஒன்றும் தோன்றாது. பின்னர் வாந்தியும் பேதியும் வந்து, ஒரு நாளளவில் தணிந்து, நோய் நீங்கியதுபோலக் காட்டும். அப்பொழுதுதான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். சமைத்தலும் உலர்த்தலும் அந்நஞ்சை முறிப்பதில்லை. ஊரிலே பாட்டி கற்பித்த அறிவு பொய்யன்று. அஃது அவ்வூருக்குரிய அறிவு. எனவேதான் 'காளான் நோக்குநர்' போன்ற கையேட்டில் ஒவ்வொரு படத்தோடும் இடமும் நாளும் கேட்கப்படுகின்றன. இடம் எழுதாத படத்தை அனுபவமுடையோர் ஏறெடுத்தும் பாரார்.

படம் மட்டும் போதாது என்பதும் அங்கே விரைவிற் கற்கப்படும் பாடம். கண்டியிலே நான் குடியிருக்கும் வீட்டின் முன்னாலுள்ள புற்றரையில் ஐப்பசி மழைக்குப் பின் வெண்குடைகள் பல வளையமாக எழுந்தன. குடையின்மேல் மண்ணிறச் செதில்கள். தண்டிலே மேலும் கீழும் நகர்த்தத்தக்க ஒரு வளையம். பெயர் எதுவும் முன்மொழியாது படத்தை மட்டும் வைத்தேன். முகமறியா ஒருவர் ஒரேயொரு கேள்வி எழுதினார்: "வித்தியின் நிறம் யாது?" ஒரு குடையைத் தண்டு நீக்கி வெள்ளைத் தாளிலே கவிழ்த்து, கிண்ணம் ஒன்றால் மூடி இரவு முழுவதும் வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால், சக்கரத்தின் ஆரைகள்போல நெருக்கமாக, மங்கிய பச்சைநிறத் தூள் தாளிலே படிந்திருந்தது. குடைக் காளான்களின் பெருங்கூட்டத்திலே பச்சை வித்தி மிக அரிது. 'குளோரோபில்லம் மொலிப்டைற்றெஸ்' என்று விடை வந்தது. வெப்பநாட்டுப் புற்றரைகளில் எங்கும் முளைப்பது. உண்ணத்தக்க பெருங்குடைக் காளானைப் போலவே தோன்றுவது. உண்டால் சில மணி நேரத்தில் குடலைப் புரட்டிவிடுவது. வட அமெரிக்காவிலே காளான் நஞ்சூட்டங்களுக்கு மிகப் பெரிதும் காரணமாவது இதுவே என்பர். எனது படத்திலே அக்குடையின் அடித்தகடுகள் வெள்ளையாகவே இருந்தன, அஃது இளங்காளான் ஆதலால். தாளை நிழற்படமெடுத்து அதே பதிவில் சேர்த்தேன். பெயருக்குச் சான்று அத்தாள்தான், படமன்று.

இனி, இம்முறையின்மீது கூறத்தக்க குறைகளைக் கூறாதுவிடுவது நேர்மையன்று. உண்மை பெரும்பான்மை வாக்கினால் நிச்சயிக்கப்படுவதில்லை. பத்துப்பேர் ஒரே பிழையைச் செய்தால் அது பதின்மடங்கு உறுதியான பிழையாகிவிடும். கலிபோர்ணியாவின் கருவாலி மரங்களின் கீழே முளைக்கும் பொன்னிறக் காளான் ஒன்றை ஐரோப்பியப் பெயரான 'கந்தரெல்லஸ் சிபாரியஸ்' என்றே நெடுங்காலம் அழைத்தனர். அது வேறினம் என்று 2008ஆம் ஆண்டிலே காட்டப்பட்டு, 'கந்தரெல்லஸ் கலிபோர்ணிக்கஸ்' என்று பெயர்பெற்றது. அதற்கு முதல்நாள் வாக்கெடுத்திருந்தால் பழைய பெயருக்கே வெற்றி கிட்டியிருக்கும். ஆயின் பதிவுகள் எஞ்சியிருந்தமையால், எந்த இடத்தில், எம்மரத்தின் கீழ் என்று பார்த்து அவற்றை மாற்ற முடிந்தது. வேறொரு குறை ஆட்பஞ்சம். படம் வைப்போர் பலர். இனங்காண வல்லார் சிலர். அச்சிலர் களைத்துப்போகின்றனர். உலர்ந்த மாதிரிகளைப் பேணுவோரும் மரபணுவைச் சோதிப்பித்துப் பதிவோடு இணைப்போரும் அதனினுஞ் சிலர். நன்கொடையில் வாழும் எத்தொண்டுக்கும் உரிய சிக்கல் இது. நமது சனசமூக நிலையங்களை நடத்தினோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஊதியமின்றிக் காளான் ஆய்வது புதுமை என்று எண்ணவேண்டாம். இலங்கைக் காளான்களுக்கு முதன்முதல் விரிவான பட்டியல் எழுதியவர் யார்? மைல்ஸ் யோசப் பேர்க்கிலி என்ற இங்கிலாந்துக் கிராமத்துக் குருவானவர். அவர் இலங்கையைக் கண்டவரல்லர். 1849ஆம் ஆண்டு தொடக்கம் 1880 வரை பேராதனைப் பூங்காவை நடத்திய துவெயிற்ஸ் என்பார் காளான்களை உலர்த்திக் கப்பலேற்றுவார். குருவானவரும் அவர் நண்பர் புறூம் என்பவரும் அவற்றை ஆராய்ந்து பெயரிடுவர். இவர்கள் இருவருக்கும் அது தொழிலன்று. 1869இல் அவ்வாறு சென்ற பொதிகளில் ஒன்றிலே கோப்பி இலைகள் இருந்தன. இலைகளின் அடியிலே செம்மஞ்சள் நிறப் பொடி. பேர்க்கிலி அதற்கு 'ஹெமிலெயா வஸ்தாத்திரிக்ஸ்' என்று பெயரிட்டார். பின்பாதியாகிய இலத்தீன் சொல்லுக்குப் பாழ்படுத்துபவள் என்று பொருள். அதன்பின் இருபது ஆண்டுக்குள் அப்பெயர் பலித்துவிட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, பருவத்துக்கு வந்து திரும்பிய தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் குடிகளாக மலைநாட்டிலே தங்கினர். மலையகத் தமிழரின் வரலாற்றைப் புரட்டிய அப்பங்கசுக்குப் பெயரிட்டவர், ஞாயிறு தோறும் பிரசங்கஞ் செய்துவந்த ஒரு நாட்டுப்புறக் குரு.

அவர் இட்ட பெயர்கள் யாவும் நிலைத்தனவல்ல. ஆசிரியத் தொழிலிலிருந்து காளானாய்வுக்கு வந்த தோமஸ் பெச், 1905ஆம் ஆண்டிலே பேராதனைக்கு வந்துசேர்ந்தார். சுருங்கி நிறமிழந்த மாதிரியைக்கொண்டு சூட்டப்பட்ட பெயர்களை, அவர் மழையிலே நனைந்து, பச்சையாகக் கண்ட காளான்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினார். கறையான் புற்றுக்குள் வளரும் பங்கசை ஆராய்ந்து 1906இல் எழுதினார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். அவர் தொகுத்த இலங்கைப் பங்கசுப் பட்டியல், அவர் மறைந்து இரண்டு ஆண்டின் பின், 1950இலே பிஸ்பி என்பாரின் துணையோடு வெளியாயிற்று. தகடுடைய காளான்களைப்பற்றிப் பெக்லர் எழுதிய பெருநூல் 1986இல் வந்து அதனையும் பல இடங்களில் திருத்திற்று. எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் மூவர் நால்வர் ஒருவரையொருவர் திருத்திய அதே வேலை, 'காளான் நோக்குநர்' தளத்திலே சிலவேளை ஒரு பிற்பகலில் நடந்துமுடிகின்றது. வேகத்தைத் தவிர வேறுபாடு அதிகமில்லை.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூயோர்க் காளானியற் சங்கம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. பெரிய இணையக் கடைகளிலே காட்டுக் காளான் கையேடுகள் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த சில நூல்கள் மனிதர் எழுதியவை அல்ல, இயந்திரம் கோத்தவை எனத் தோன்றுகின்றன. அறிந்த ஆசிரியரின் நூலை மட்டும் வாங்குங்கள் என்பது அதன் சாரம். அத்தகைய நூல்களில் ஐயம் என்பது தலைகாட்டாது. யாவும் உறுதியாக, இனிமையாக, இலக்கணப் பிழையின்றிச் சொல்லப்பட்டிருக்கும். முன்னர்க் கூறிய வாக்குப்படிகளின் அருமையை எனக்கு முழுவதும் உணர்த்தியது அச்செய்திதான். ஒரு பெயரின் அருகே 'இருக்கலாம்' என்று எழுதும் மனிதர் அக்காளானையோ அதன் படத்தையோ கண்ணாற் பார்த்திருக்கிறார். பார்த்தபின் தாம் அறியாததன் எல்லையையும் அளந்திருக்கிறார்.

நம்மவர் இதிலே செய்யத்தக்கது யாது என்று ஆசிரிய நண்பர் சிலர் வினவினர். தமிழிலே ஒரு தனிக் கையேடு உடனே வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முன்னர்ச் சேரவேண்டியவை பதிவுகள். காளானைப் பிடுங்காமல், அடியிலுள்ள பையும் வெளிப்படும்படி மண்ணோடு தோண்டி எடுத்தல், மேலிருந்தும் கீழிருந்தும், நெடுக்காகப் பிளந்தும் படமெடுத்தல், நசுக்கிய இடம் நீலமாகிறதா, சிவக்கிறதா என்று நோக்குதல், மணத்தை எழுதுதல், தாளிலே வித்தி எடுத்தல். ஒரு வகுப்பு மாணவர் ஓராண்டு மழைக்காலத்துக்குச் செய்யக்கூடிய வேலை இது; நுணுக்குக்காட்டிகூட வேண்டியதில்லை. அவ்வூர்ப் பெயரையும் எழுதவேண்டும். மழை விட்டதும் புற்றருகே எந்நாளிற் காளான் வெடிக்கும், எதைத் தொடலாகாது என்று அறிந்த மூதாட்டியர் மலைநாட்டிலும் கிழக்கிலும் இருக்கின்றனர். அவர்கள் வழங்கும் பெயர் பேர்க்கிலிக்குச் சென்ற பொதிகளில் ஏறவில்லை. புற்றுக் காளானை மனிதர் பயிரிட்டு விளைவிக்க இன்றும் வழி தெரியவில்லை, கறையானுக்குத்தான் தெரியும். அதனாலேயே அதைத் தேடி அலைந்தவரின் அறிவு விலைமதிப்புடையது. உண்ணலாமா என்ற கேள்விக்கு மட்டும் மாணவர் எவரும் படத்தைப் பார்த்து விடை எழுதலாகாது. அங்கே நீண்டநாள் உழைப்போரும் அதற்கு எளிதில் வாய்திறப்பதில்லை.

நான் அனுப்பிய பதிவுகளுள் ஒன்று, பழைய பலா மரத்துண்டிலே கண்ட ஊதாநிறச் சிறுகாளான். இரண்டு ஆண்டாயிற்று. ஒருவர் ஒரு பெயரை முன்மொழிந்தார். இன்னொருவர் 'ஐயத்துக்குரியது' என்று வாக்களித்து, தண்டின் மயிர்களைக் காரணமாகக் காட்டினார். முன்மொழிந்தவர் அதை ஏற்றுக்கொண்டார். இப்பொழுது அது 'பங்கசு' என்ற ஒரு சொல்லின் கீழே இருக்கின்றது. உலர்த்திய மாதிரி ஒரு கடித உறையிலே என்னிடம் உண்டு. உறையின்மேல் இடமும் நாளும் எழுதியிருக்கின்றேன்.